சரளைப் பாதையில் இடப்பக்கம்

மே 4, ஞாயிறு

நான் மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு தினமும் காலையில் வீட்டை விட்டுப் போய்விடுகிறேன் என்று தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்கள் பேசிக்கொள்கிறார்கள். இது சரியல்ல. வாணியோடு எனக்குச் சண்டை இல்லை. அவள் காப்பியில் சர்க்கரை அதிகம் போடுகிறாள். சொல்லிப் பார்த்தேன். அவள் குறைக்கவில்லை. இப்போது என் காப்பியை நானே போட்டுக்கொள்கிறேன். இதற்குப் பெயர் சண்டை அல்ல, ஏற்பாடு.

இன்று பூசை முடிந்ததும் திருமதி ராயப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எக்கா, மனசுக்குள்ள வச்சு மருகாதீய. எல்லா வீட்டுலயும் உள்ளதுதான்."

"என்ன உள்ளது?"

"இல்ல, விடிஞ்சா சைக்கிளை எடுத்துக்கிட்டு எங்கயோ போயிருதீயளாம்."

"எங்கயோ இல்ல. ஹெரன் ஏரி வரைக்கும் போறேன். திரும்பியும் வாரேன்."

அவள் நம்பவில்லை. வடையை மென்றுகொண்டே எனக்காக இரக்கப்பட்டாள்.

உள்ளது இவ்வளவுதான். ஏப்ரல் கடைசியில் தூத்துக்குடியிலிருந்து சிகாகோவுக்கு வெளியே இருக்கும் மகன் ஜெரோமின் வீட்டுக்கு வந்தேன். தங்குவதற்கு ஆறு மாத அனுமதி. ஊரடங்குக் காலத்தில் வாணி ஒரு கிராவல் சைக்கிள் வாங்கி, இரண்டு முறை ஓட்டி, கார் நிறுத்தும் அறையில் வௌவாலைப் போலத் தொங்கவிட்டிருந்தாள். மண்ணிலும் சரளையிலும் ஓட்டுவதற்கென்று செய்தது, டயர் அகலம். ஆட்டுக்கடாவின் கொம்பைப் போல வளைந்திருந்த ஹேண்டில்பாரை ஜெரோம் கழற்றிவிட்டு நேரான ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். எனக்கு எழுபத்தோரு வயது. கான்வென்டில் படித்த நாளிலிருந்து, பிறகு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலம் முழுவதும், சைக்கிள்தான். இதில் மருமகள் எங்கே வருகிறாள்?

மே 9, வெள்ளி

பாதையை எழுதி வைக்கிறேன்.

வீடுகளின் பின்பக்கம் ஒரு மரக்கம்பம். அதைத் தாண்டினால் நசுக்கிய சுண்ணாம்புக்கல் பரப்பிய வெள்ளைப் பாதை. முதலில் ஏரி. பிறகு புல்வெளி. பிறகு ஓக் மரக் காடு. மறுபடியும் ஏரி. யாரும் வீடு கட்டிவிடக் கூடாது என்று இத்தனை நிலத்தையும் அரசாங்கம் காப்புக்காடாக வைத்திருக்கிறது. எங்கும் மேடு இல்லை. உப்பளத்துச் சாலையைப் போலத் தட்டை. டயருக்கு அடியில் சரளை எழுப்பும் சத்தம், பக்கத்து வீட்டில் யாரோ விடாமல் அரிசி களைவது போல இருக்கிறது.

சிறிது தூரம் போனதும் மிதிப்பது நான் இல்லை என்று ஆகிவிடுகிறது. கால்கள் தாமாகச் சுற்றுகின்றன. மாதா மன்றாட்டு மாலை சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது. வலது மிதிக்கு ஒரு விளிப்பு, இடது மிதிக்கு ஒரு வேண்டுதல். இன்று ஏரியில் மூடுபனி. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நான் அதற்கு நடுவே ஒரு வெள்ளைக் கோட்டின் மேல் போய்க்கொண்டிருந்தேன்.

பின்னால் பாரம் இருந்தது. என் கணவர் லூர்து கடைசிவரை சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. கேரியரில் உட்கார்ந்துகொண்டு, ஊர் பார்க்கிறதே என்று நெற்றியை என் முதுகில் புதைத்துக்கொள்வார். அவர் இறந்து பதினோரு வருடமாகிறது. இந்தச் சைக்கிளுக்குக் கேரியரே கிடையாது. எதிர்க்காற்று என்று வைத்துக்கொள்கிறேன்.

மாலையில் துவரம்பருப்பு பொடித்தேன். வாணியின் மிக்ஸி சரியாக அரைப்பதில்லை.

மே 21, புதன்

புல்வெளி தொடங்கும் இடத்தில் ஒரு கருப்புப் பறவை என் ஹெல்மெட்டின் மேல் பாய்ந்து கொத்தியது. தோளில் சிவப்புப் பட்டை போட்ட பறவை. ஒரு முறை அல்ல, விடாமல் துரத்திக் கொத்தியது. கான்வென்டில் சொல்லித் தராத ஒரு வார்த்தையைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

"அதுக்குத் தமிழ் விளங்காது," என்று ஒரு குரல்.

பாதையோரத்தில் தண்ணீர் அடிக்கும் கைப்பம்பின் அருகே, தன் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு ஒரு முதியவர். நீலச் சட்டையின் பொத்தான்களை ஒன்று விடாமல் பூட்டியிருந்தார். கையில் ஒரு குச்சி.

"தடியைத் தலைக்கு மேலை பிடியுங்கோ. அது உயரமான இடத்தைத்தான் கொத்தும். கூட்டிலை குஞ்சு இருக்கு, பாவம்."

"எனக்கும் தலை இருக்கு, பாவம்," என்றேன்.

அவர் சிரித்தார். "எனக்கு ஒரு காதுதான் கேக்கும். அதிலை இப்பிடி நல்ல வார்த்தை விழுந்து கனகாலம்."

நான் சொன்னது நல்ல வார்த்தை அல்ல. அவரும் அறிவார். பெயர் அருளம்பலம். யாழ்ப்பாணத்துக் காரைநகர். கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் துறைமுகத்துக்கு உப்பு ஏற்ற வந்திருக்கிறாராம். குச்சியை எனக்குக் கொடுத்துவிட்டார். ஒரு கையில் குச்சியைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, திருவிழாவில் கொடி தூக்குகிறவளைப் போல வீடு வந்து சேர்ந்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

திரு. அருளம்பலம் பம்படியில் இருந்தார். தற்செயல். நேற்றும் இருந்தார்.

ஏரி வரை சேர்ந்து போனோம். எஞ்சின் அறையிலேயே வாழ்நாள் போனதில் அவருக்கு இடது காது அறவே கேட்காது. வலது காது, கிட்டே இருந்து பேசினால் மட்டும் கேட்கும். அதனால் நான் அவருக்கு வலப்பக்கம் வர வேண்டும் என்று ஒழுங்கு செய்துகொண்டோம். பின்னால் மணி அடித்தால் அவருக்குத் தெரியாது. நான் அவர் முழங்கையைத் தொட்டால், ஆள் வருகிறது என்று பொருள். வார நாட்களில்தான் போவது. சனி ஞாயிறுகளில் இளைஞர்கள் குதிரையைப் போல வருகிறார்கள்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்தவள் நான். ஊரில் எந்தக் குரலையும் எந்தக் குரலோடும் இணைத்து வைத்தேன். இந்த மனிதரோ டெலிபோனில் ஒரு சொல்லும் கேட்காதவர். கைபேசி, ரொறன்ரோவில் இருக்கும் மகளின் நிம்மதிக்காக வைத்திருக்கிறாராம். மேசை இழுப்பறையில் இருக்கிறதாம். அதில் கட்டைவிரலால் செய்தி அனுப்புவது அவருக்கும் பிடிக்காது. கட்டைவிரலால் எழுதுவது எழுத்து அல்ல என்றேன். "அதுதான், அதேதான்," என்றார்.

மனைவி இறந்து சில வருடங்களாகின்றன. தனியாக ஒரு சிறிய குடியிருப்பில் இருக்கிறார். புட்டு அவிக்கத் தெரியுமாம். நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

ஜூன் 14, சனி

சனிக்கிழமையாதலால் போகவில்லை. நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

காட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு ஆமை பாதையின் ஓரத்தைத் தோண்டிக்கொண்டிருந்தது. இட்லித் தட்டு அளவு ஓடு. பின்னங்கால்களால் சரளையை ஒதுக்கி, ஒதுக்கி, நிறுத்தி, யோசித்து, மறுபடியும் ஒதுக்கியது. முட்டையிடும் காலம். நாங்கள் இரண்டு சைக்கிள்களையும் குறுக்கே நிறுத்திக் காவல் நின்றோம். யாரும் வரவில்லை. ஓக் இலைகளின் ஊடே வந்த வெயில் அதன் முதுகில் அசைந்துகொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று பார்க்கவில்லை.

"ஏரி முழுக்கத் தண்ணி கிடக்க, இது ஏன் ரோட்டுக்கு வருது?" என்று கேட்டேன்.

"தண்ணியிலை சீவிக்கலாம். முட்டை வைக்கத் தரை வேணும்," என்றார். பிறகு, "கப்பல்காரனுக்கும் அதுதான்," என்றார்.

நான் ஆமையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 2, புதன்

மழை. போகவில்லை. கிழிந்த தலையணை உறைகளைத் தைத்தேன். கிழியாத ஒன்றையும் தைத்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

ஒரு குறையை எழுதி வைப்பது நல்லது. இந்த ஊரில் எல்லோரும் வலப்பக்கம் போகிறார்கள். பின்னால் வருகிறவர் முந்தும்போது ஆங்கிலத்தில், "உங்கள் இடப்பக்கம்!" என்று குரல் கொடுப்பார். உங்களுக்கு இடப்பக்கமாக நான் முந்துகிறேன், நீங்கள் இருக்கிற இடத்திலேயே இருங்கள் என்று அர்த்தம். எனக்கு அது நன்றாகப் புரிகிறது. என் உடம்புக்குப் புரியவில்லை. முதுகுக்குப் பின்னால் ஆள் வருகிறது என்றால் இடப்பக்கம் ஒதுங்கு என்று வாழ்நாள் முழுவதும் பழகிய உடம்பு. இன்று ஒரு பெண் குரல் கொடுத்ததும் என் சைக்கிள் தானாக இடப்பக்கம் சாய்ந்தது. கடைசி நொடியில் பிடித்துக்கொண்டேன்.

திரு. அருளம்பலத்துக்கும் அப்படித்தானாம். "நாங்கள் ரெண்டு பேரும் இடப்பக்கத்துச் சனம். இனி எங்களை ஆர் திருத்துறது?" என்றார்.

"நான் திருத்திக்குவேன். ஒரு மாசம் போதும்."

"நீங்கள் செய்வியள். என்னை விட்டிடுங்கோ."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பனிமய மாதா திருநாள். வீட்டிலேயே செபமாலை சொன்னேன்.

புல் என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது. பாதை அதற்குள் ஒரு வகிடு மாதிரிப் போகிறது. இருபுறமும் ஊதாவும் மஞ்சளுமாகப் பூக்கள். காற்று வந்தால் முழு வெளியும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடியும் சாய்கிறது. நாமும் அதோடு சாய்கிறோமா, அல்லது நேராகப் போகிறோமா என்று சொல்ல முடியவில்லை. ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சி ஒன்று வெகுதூரம் எங்கள் இருவருக்கும் நடுவில் பறந்து வந்தது. எதிரே ஏரி தெரிந்தபோது, அங்கே வந்து சேரும் வரை நான் எதைப் பற்றியும் நினைக்கவில்லை என்று உணர்ந்தேன். மன்றாட்டு மாலையையும் மறந்திருந்தேன்.

இன்று பின்னால் பாரம் இல்லை. டயரில் காற்றுச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டில் ஜெரோம் கேட்டான்: "எம்மா, அக்டோபர்ல அனுமதி முடியுது. இன்னொரு ஆறு மாசம் கேட்டு விண்ணப்பிக்கலாமா? ஸ்னோ பாக்கலாம்லா."

"பனியைப் பாக்க ஆறு மாசம் எதுக்கு?"

"இப்பல்லாம் நீங்க சந்தோஷமா இருக்கீய. அதான் கேட்டேன்."

சந்தோஷம் என்பது அவன் முடிவு. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 20, புதன்

தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்கள் தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டுவிட்டார்கள். இப்போது மருமகளைப் பற்றிப் பேசுவதில்லையாம். "சிலோன்காரர் ஒருத்தர்" என்று ஆரம்பிக்கிறதாம் பேச்சு. வாணிதான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கரண்டியைக் கழுவிக்கொண்டே சிரித்தாள்.

"இதில சிரிக்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க அத்தை. அவரு பேச்சு வந்தா நீங்க கண்ணாடியைக் கழட்டித் தொடைக்கறீங்க. இன்னிக்கு இது மூணாவது தடவை."

கண்ணாடியில் சுண்ணாம்புத் தூசி. சரளைப் பாதையில் போகிற எல்லோருக்கும் படியும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பம்படியில் அவர் கேட்டார்: "அப்ப, ஒக்டோபரிலை போறியளோ?"

"இன்னும் முடிவு பண்ணல."

"மாரியிலை இந்த ஏரி உறைஞ்சு கெட்டியாகும். அதுக்கு மேலை நடக்கலாம். பங்குனியிலை கொக்குக் கூட்டம் திரும்பி வரும். பெரிய கொக்கு, மனுசர் உயரம். சத்தம் ரெண்டு மைலுக்குக் கேக்கும். எனக்கே கேக்கும் எண்டால் பாருங்கோவன்."

"அதைக் கேக்க ஆள் துணை வேணுமா?"

"கேக்க வேண்டாம்," என்றார். "கேட்டதைச் சொல்ல ஆள் வேணும்."

தண்ணீர் நிரம்பிப் பாட்டிலுக்கு வெளியே வழிந்துகொண்டிருந்தது. பம்பை அடித்தது நான்தான். நிறுத்தவும் மறந்தேன்.

செப்டம்பர் 6, சனி

இன்று எழுத முடியாது.

செப்டம்பர் 7, ஞாயிறு

விழுந்தது நான் அல்ல. காலையிலிருந்து ஆளாளுக்கு ஜெரோமைக் கூப்பிட்டு, "அம்மா விழுந்துட்டாங்களாமே," என்கிறார்கள். நான் விழவில்லை. ஒரு கால் ஊன்றி நின்றுகொண்டிருந்தேன்.

நடந்தபடி எழுதுகிறேன். சனிக்கிழமை போவதில்லை என்பது எங்கள் ஒழுங்கு. வெள்ளிக்கிழமை மழை பெய்ததால், நாளை வாருங்கோ, நாரைப் புல் சிவந்து கிடக்கு என்று அவர் கேட்டார். அது நாரைப் புல் அல்ல. அதற்குப் பெயர் என்னவென்று அவருக்கும் தெரியாது. போனேன். சிவந்துதான் கிடந்தது. மழை குடித்த சரளை சத்தமே எழுப்பவில்லை. இருவரும் பஞ்சின் மேல் போவது போலப் போய்க்கொண்டிருந்தோம். எனக்குக் கண் திறந்தபடியே தூக்கம் மாதிரி ஒன்று.

சதுப்பின் மேல் போட்ட சிறு பாலத்தருகே பின்னால் ஒரு இளைஞன், "உங்கள் இடப்பக்கம்!" என்றான். நான் அவர் முழங்கையைத் தொட்டிருக்க வேண்டும். என் கை போகவில்லை. என் சைக்கிள் போனது. இடப்பக்கம். அவர் மேல். என் முன்சக்கரம் அவர் சக்கரத்தில் இடித்து, அவர் பாதையைத் தாண்டிக் கோரைக்குள் போய், பாலத்துக் கல்லில் தோள் மோத விழுந்தார்.

அந்தப் பையன் ஒதுங்கி நின்றுவிட்டான். நல்ல பையன். முகம் வெளுத்துப்போயிருந்தான். சேற்றிலிருந்தபடியே இவர் அவனிடம் சொன்னார்: "உங்கள் தவறில்லை. எனக்குக் காது கேட்காது. நான்தான் குறுக்கே திரும்பினேன்." ஆங்கிலத்தில், கப்பல் மேலதிகாரியிடம் அறிக்கை கொடுப்பது போல. ஆம்புலன்ஸ் வந்தபோதும் அதையே சொன்னார். ஜெரோமிடமும் அதையே சொன்னார்.

நான் கோரைக்குள் இறங்கி அவர் தலையைத் தாங்கினேன். "பிலோமினா, உமக்கு ஒண்டும் இல்லையே?" என்று கேட்டார். இத்தனை நாளும் 'மிஸிஸ் மச்சாடோ' என்றவர். அதிர்ச்சியில் மனிதர்கள் என்னென்னவோ சொல்வார்கள்.

காறை எலும்பு முறிந்திருக்கிறது. அறுவை தேவையில்லை. மகள் தர்ஷினி நாளை ரொறன்ரோவிலிருந்து வருகிறாள்.

செப்டம்பர் 11, வியாழன்

மிளகு போட்டு ஆட்டுக்கால் சூப் வைத்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஜெரோம் காரில் கொண்டுபோய் விட்டான்.

தர்ஷினி மரியாதையான பெண். உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். அவர் தோளைப் பட்டையில் கட்டி, நாற்காலியில் இருந்தார். சவரம் செய்திருந்தார், ஒரு கையால் செய்ததால் தாடையில் இரண்டு இடத்தில் வெட்டு.

"அப்பா என்னோடை ரொறன்ரோ வாறார் ஆன்ட்டி," என்றாள் தர்ஷினி. "இந்த மாசக் கடைசியிலை வீட்டை ஒப்படைக்கிறம். இப்பிடிக் காது கேளாத மனுசன் இனித் தனிய இருக்கேலாது. பின்னாலை வந்த சைக்கிள் கேக்காதவருக்கு நாளைக்குக் கார் கேக்குமோ?"

அவர் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். மறுக்கவில்லை.

ஒருவருடைய காதின் மேல், அது செய்யாத குற்றத்தைச் சுமத்தி, அவருடைய வீட்டைக் காலி செய்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அவர் காதால நடக்கல," என்றேன். "அவர் நேராத்தான் போனார். இடப்பக்கம் திரும்பினது நான். நான்தான் அவரை இடிச்சேன். அவர்ட்ட மன்னிப்புக் கேக்கேன்."

"மிஸிஸ் மச்சாடோ, விடுங்கோவன்," என்றார் அவர்.

"விட முடியாது. நடந்தது நடந்தபடி இருக்கணும்."

தர்ஷினி என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு அவருடைய கேட்கும் காதின் பக்கம் போய் நின்று, மெதுவாகக் கேட்டாள்: "அப்ப நீங்கள் ஏன் பொய் சொன்னனீங்கள் அப்பா?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். காதோரம் வரை சிவந்துபோயிருந்தார். எழுபத்து நான்கு வயது மனிதர்.

தர்ஷினி சமையலறைக்குள் போனாள். தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. வெளியே வந்தபோது அவள் மரியாதை மாறவில்லை, ஆனால் குரல் மாறியிருந்தது. "சூப்புக்குத் தேங்க்ஸ் ஆன்ட்டி. அப்பா கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும். இனி நான் பாத்துக்கொள்ளுறன்." பாத்திரத்தைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

அவர் எழுந்து நிற்க முயன்றார். தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

செப்டம்பர் 13, சனி

வாணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உண்மையைச் சொன்னது சரிதானே என்று கேட்கவில்லை. சரி என்று எனக்கே தெரியும்.

"சரிதாங்க அத்தை," என்றாள் அவளாக. "ஆனா அவரு பொய்யும் நல்லாத்தான் இருந்துச்சு."

செப்டம்பர் 16, செவ்வாய்

ஜெரோம் அந்த வீட்டுக்குப் போன் செய்தான். தர்ஷினி எடுத்தாள். அப்பா தூங்குகிறார் என்றாளாம்.

கத்தரிக்காய் வாடிவிட்டது. எறிந்தேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

மறுபடியும் தூங்குகிறார்.

செப்டம்பர் 22, திங்கள்

பாதைக்குப் போனேன். ஜெரோம், "எம்மா, இனிமேலும் போகணுமா?" என்றான். போகணும் என்றேன்.

ஏரியில் ஆள் இல்லை. காலை வெளிச்சம் புல்வெளியின் மேல் படுத்துக் கிடந்தது. மஞ்சள் பூக்கள் முடிந்து, பஞ்சு வெடித்து, காற்றில்லாமலே வெண்ணிழைகள் எழுந்து எழுந்து மிதந்தன. அவை என் சட்டையிலும் கைகளிலும் ஒட்டிக்கொண்டன. எங்கே மிதிக்கிறேன் என்ற நினைவில்லாமல் போய்க்கொண்டே இருந்தேன். காடு வந்தது, போயிற்று. மறு ஏரி வந்தது. அதையும் தாண்டி இதுவரை போகாத தூரம் போயிருந்தேன். ஓரிடத்தில் பாதை நீருக்குள் நேராக இறங்குவது போலத் தோன்றியது. கிட்டே போனபோது அது மூடுபனி. அதற்குள் நுழைந்தேன். என் கைகள் மட்டும் தெரிந்தன.

பின்னால் மணிச் சத்தம் கேட்டது. நான் வலப்பக்கமே இருந்தேன். ஒரு துளியும் சாயவில்லை. உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது.

ஆனால் என் இடது கை மட்டும் தானாக நீண்டு, ஒரு முழங்கை இருக்க வேண்டிய இடத்தைத் தொட்டது. முந்திப்போன பெண் நான் கையசைத்து வழிவிடுவதாக நினைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அங்கேயே இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூசி கண்ணில் விழுந்திருந்தது.

செப்டம்பர் 26, வெள்ளி

ஜெரோம் தாள்களோடு வந்தான். "அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்மா. விண்ணப்பம் போடுறதா, டிக்கெட் போடுறதா?"

"உனக்கு எது வசதி?"

"எனக்கு வசதின்னு என்ன இருக்கு? நீங்கதான் சொல்லணும்." அவன் தாள்களை அடுக்கினான். பிறகு நிமிர்ந்து பார்க்காமல், "அவரு முப்பதாம் தேதி வீட்டை ஒப்படைக்கிறாராம்லா. அவருக்கு இஷ்டம் இருக்கா இல்லையான்னே தெரியல. யாரும் அவர்ட்ட கேக்கல போல," என்றான்.

அவன் போன பிறகு வாணி என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அத்தை, நீங்க கேளுங்களே."

"எப்படிக் கேக்க? போனை அந்தப் பொண்ணு எடுக்குது. நேர்ல போனா அந்தப் பொண்ணு நிக்குது. அவருக்கு ஒரு காது. அந்தக் காதுக்குக் கேக்கிற மாதிரிப் பேசினா ஊருக்கே கேக்கும்."

"எழுதிக் கேளுங்க."

"அவர் என்ன நினைப்பார்?"

"அதைத்தானுங்க கேக்கச் சொல்றேன்."

கான்வென்டில் மதர் ஜெர்த்ரூத் சொல்வார்: பெண் கேட்கக் கூடாது, காத்திருக்க வேண்டும். ஐம்பது வருடத்துக்கு மேல் அதை நான் சரி என்றே வைத்திருந்தேன். லூர்துதான் என்னைக் கேட்டார். நான் சம்மதித்தேன். என் வாழ்க்கையில் நானாக ஒருவரிடம் கேட்டது என்று யோசித்துப் பார்த்தேன். கடையில் கேட்டது தவிர ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

வாணி எழுந்து போகும்போது, "காப்பி போடட்டுங்களா?" என்றாள்.

"போடு," என்றேன். சர்க்கரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. காலை முழுவதும் இதை எழுதினேன். நான்கு தாள் கிழித்தேன். பிரதி இங்கே. அசலை வாணி இப்போதே கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பாள். தர்ஷினி கையில் அல்ல. தர்ஷினி படிக்கக் கேட்டால் படிக்கலாம். ஒளிக்க ஒன்றும் இல்லை.

மதிப்புக்குரிய திரு. அருளம்பலம் அவர்களுக்கு,

தோள் குணமாகிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். அதற்காக நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், நீங்களும் மன்னித்துவிட்டீர்கள். அதை மறுபடியும் எடுக்க இதை எழுதவில்லை.

உங்கள் மகள் உங்களை அன்பினால்தான் அழைக்கிறாள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நீங்கள் ரொறன்ரோவுக்குப் போக விரும்பினால் போங்கள். ஆனால் நீங்கள் விரும்புகிறீர்களா என்று உங்களை யாரும் கேட்கவில்லை என்று அறிகிறேன். நான் கேட்கிறேன்.

உங்கள் சூழ்நிலையில் ஒருவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் சூழ்நிலையை மட்டும் சொல்கிறேன். வரும் வெள்ளிக்கிழமைக்குள் நான் மகனிடம் ஒரு பதில் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் இன்னும் ஆறு மாதம் இருப்பதா, ஊருக்குப் போவதா என்று. ஏரி உறைவதையும் பங்குனியில் கொக்குகள் வருவதையும் பார்க்க எனக்கு ஆசை. ஆனால் அவற்றைத் தனியாகப் பார்க்க எனக்கு ஆசை இல்லை. இதுதான் முழு உண்மை. இதைச் சொல்ல எனக்கு எழுபத்தோரு வயதாகியிருக்கிறது.

எனவே என் கேள்வி இது. நீங்கள் இங்கே இருந்து, தோள் தேறியதும், என்னோடு மறுபடியும் அந்தப் பாதையில் வர விரும்புகிறீர்களா? ஆம் என்றால் இருக்கிறேன். இல்லை என்றால் போகிறேன். உங்கள் மேல் எந்த வருத்தமும் இல்லாமல் போவேன். எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம். ஒரு முறை சொன்னது போதும்.

மகள் வழியாகவோ என் மகன் வழியாகவோ சொல்லி அனுப்ப வேண்டாம். செவ்வாய்க்கிழமை வீட்டை ஒப்படைக்கும் முன், உங்கள் கையால், எழுத்தில் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.